நோட்டை நீட்டும்போது என்ன சொல்கிறோம்?



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி தன் மனக்குறையை எழுதியிருந்தார். பத்து வயது மகளை டிராயிங் கிளாஸில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறதாம். இதுவரை ஒரு பூ இல்லை, ஒரு கிளி இல்லை, இரண்டு மலைக்கு நடுவே சூரியன்கூட இல்லை. நோட்டு முழுக்கக் கோடு, வட்டம், பெட்டி. "குழந்தை ஆசையா நோட்டை நீட்டி, எப்படிம்மா இருக்குன்னு கேக்கறா. வெறும் கோட்டைப் பார்த்து என்னத்தைச் சொல்றது? நல்லா இருக்குன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடறேன்" என்று முடித்திருந்தார்.

அதற்குப் பதில் போட்ட தோழிகள் எல்லோரும் ஃபீஸைப் பற்றியே எழுதினார்கள். கோடு போடுவதற்கெல்லாம் மாதம் இத்தனை ரூபாயா, வேறு கிளாஸ் பாருங்கள் என்று ஆளுக்கு ஒரு யோசனை. எனக்கோ ஃபீஸைவிட அந்தக் கடைசி வரிதான் மனசில் நின்றது. கோட்டைப் பார்த்து என்ன சொல்வது? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கு நாம் சொல்லும் பதிலை வைத்துத்தான் அந்த நோட்டு அடுத்த மாதமும் திறக்கப்படுமா, இல்லை பரணில் பழைய பேப்பரோடு சேருமா என்பது முடிவாகிறது.

நான் பெரிய ஓவியர் ஒன்றும் இல்லை. ஸ்கூல் முடித்த கையோடு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் இரண்டும் எழுதி பாஸ் செய்தவள், அவ்வளவுதான். ஃப்ரீஹேண்ட் என்ற பேப்பருக்காக, ஸ்கேலும் காம்பஸும் தொடாமல் கையாலேயே கோடும் வளைவும் போட்டுப் போட்டு விரல் காய்த்துப் போன காலம் அது. பிறகு கல்யாணம், குழந்தைகள், மாமனார் மாமியார் என்று வழக்கமான கதை. இப்போது பல வருஷமாக எங்கள் வீட்டு ஹாலில் சாயங்காலம் பிள்ளைகளுக்கும், காலை பதினொரு மணிக்குச் சமையல் முடித்துவிட்டு வரும் பெண்களுக்கும் சொல்லித் தருகிறேன். அதனால் ஆரம்ப நிலை நோட்டுகள் நிறையவே என் கண்ணில் பட்டிருக்கின்றன. அந்த நோட்டுகளை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும்தான்.

கோடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. வாசலில் கோலம் பழகியபோது எடுத்த எடுப்பில் தேர்க்கோலமா போட்டோம்? கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிடித்து, இழை ஒரே சீராக விழுகிறதா என்று பார்த்தோம். புள்ளி வரிசை கோணாமல் வைக்கப் பழகினோம். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் சிக்குக் கோலத்துப் பக்கமே போனோம். பென்சிலும் அப்படித்தான். கிளியின் முதுகு ஒரு வளைகோடு. குடத்தின் வாய் ஒரு நீள்வட்டம். வீடு என்பது ஒரு பெட்டி. இவை கைக்கு வராமல் கிளியை மட்டும் வாத்தியார் போட்டதைப் பார்த்துப் போட்டால், அந்த ஒரு கிளிதான் வரும். அது தலையைத் திருப்பி உட்கார்ந்தால் வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்கழியில் இருபத்தியோரு புள்ளி வைத்து, அழிக்காமல் திருத்தாமல் ஒரே மூச்சில் இழை இழுக்கும் பெண்கள்தான் என்னிடம் வந்து, "எனக்கு ஒரு கோடுகூட நேரா வராதுங்க" என்கிறார்கள். கோலம் போடும்போது குனிந்து நின்று தோளிலிருந்து கையை அசைக்கிறோம். பென்சிலைப் பிடித்ததும் காப்பி எழுதிய ஞாபகம் வந்து மணிக்கட்டை மேஜையில் ஊன்றிவிடுகிறோம். ஊன்றிய மணிக்கட்டைச் சுற்றிக் கை ஒரு வில் மாதிரிதான் திரும்பும். கோடு வளையாமல் என்ன செய்யும்? வாசலில் செய்ததை மேஜையிலும் செய்யுங்கள், தோளை விடுங்கள் என்று சொன்னால் பாதிப் பேருக்கு அன்றைக்கே கோடு நிமிர்ந்துவிடுகிறது.

கோலத்தில் நமக்கு இன்னொரு நல்ல பழக்கமும் இருக்கிறது. அதை நாம் கவனிப்பதே இல்லை. எதிர்வீட்டு மாமி வந்து கோலத்தைப் பார்த்து என்ன சொல்வார்? "அழகா வந்திருக்குடி, ஆனா தெற்கு மூலையில ஒரு புள்ளியை இழை சுத்தாம விட்டுட்டே பாரு" என்பார். "நடு வரிசை ஒரு விரக்கடை தள்ளிப் போச்சு, அதான் இந்தப் பக்கம் சப்பையா இருக்கு" என்பார். உனக்குக் கை வராது, உங்கம்மா சொல்லித் தரலையா என்று ஆரம்பிப்பவர்கள் குறைவு. எந்த இடம், என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று மூன்றையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, பால் வாங்கப் போய்விடுவார். மறுநாள் நாம் அந்த நடு வரிசையைக் கவனித்து வைக்கிறோம். இவ்வளவு நன்றாக அபிப்பிராயம் சொல்லத் தெரிந்த நாம், நோட்டில் பென்சில் கோட்டைப் பார்த்தால் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறோம்?

"நல்லா இருக்கு" என்பதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பில்லை. அதில் எதுவும் இல்லை, அதுதான் விஷயம். நாம் பார்த்துப் பார்த்து ஒரு சாம்பார் வைக்கிறோம். சாப்பிடுகிறவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம், நல்லாருக்கு" என்கிறார். வயிறு நிறைந்ததா நமக்கு? இன்னொருவர், "இன்னிக்குப் புளி கொஞ்சம் தூக்கல், ஆனா பருப்பு நல்லாக் குழைஞ்சு சேர்ந்திருக்கு" என்கிறார். முதலில் முகம் சுருங்கினாலும் இவர்தான் சாப்பிட்டார், இவர் நாக்குக்கு விஷயம் தெரிகிறது என்று மனசு சொல்லும். நாளைக்குப் புளியைக் குறைக்கலாம். "நல்லாருக்கு"க்கு நாளைக்கு என்ன செய்வது?

நோட்டை நீட்டும் குழந்தைக்கும் இது தெரியும். நாம் பார்க்காமலே சொல்கிறோம் என்று இரண்டாவது தடவையே கண்டுபிடித்துவிடும். மூன்றாவது தடவை காட்டாது.

அதைவிட மோசம், அளவுக்கு மீறிய பாராட்டு. "என் பொண்ணு பொறவியிலேயே ஆர்ட்டிஸ்ட்!" 1998-ல் அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். புதிர்களைப் போட்டு முடித்ததும் ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் நீ கெட்டிக்காரி என்றும், இன்னொரு பகுதியிடம் நீ நன்றாக முயற்சி செய்தாய் என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துவிட்டு, மறுபடி சுலபமானதைக் கொடுத்தபோது, கெட்டிக்காரி என்று கேட்ட பிள்ளைகள் முன்பு போட்டதைவிடக் குறைவாகத்தான் போட்டார்கள். முயற்சியைப் பாராட்டக் கேட்டவர்கள் முன்பைவிட நன்றாகப் போட்டார்கள். காரணம் நமக்குப் புரியாததா? பிறவி ஆர்ட்டிஸ்ட் என்று பேர் வாங்கிவிட்டால் கோணல் கோடு போட பயம் வந்துவிடும். கோணல் கோடு போடாமல் நேர்கோடு பழக முடியாது.

இனி ஒரு சகோதரியின் கதை. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பேர் வேண்டாம் என்றார். வயது ஐம்பத்து நாலு. ஏழாவது படிக்கும்போது அவர் வரைந்த கிளியின் மேல் டிராயிங் வாத்தியார் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கிளாஸ் முழுக்கத் தூக்கிக் காட்டினாராம். எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் இப்போது எதற்கு? அதோடு மளிகை லிஸ்ட் எழுத மட்டும்தான் பென்சிலைத் தொட்டிருக்கிறார். நாற்பது வருஷத்துக்குமேல் கழித்து, பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போனபின், ஒரு நாள் தயங்கித் தயங்கி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டாவது வாரம், தான் போட்ட கோடுகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் குடும்பத்தார் குழுவில் போட்டிருக்கிறார். "பெரியம்மா, இது என்ன இ.சி.ஜி.யா?" என்று ஒரு பையன் கேட்க, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். வீட்டுக்காரர் வேறு, "இந்த வயசுல கோடு போட்டு என்ன சாதிக்கப் போறே?" என்றிருக்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டேதான். மூன்று வாரம் கிளாஸ் பக்கமே ஆளைக் காணோம்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. நல்ல ஜோக் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அது கோடு. அந்த அம்மாளுக்கோ அது ஏழாம் வகுப்பில் விட்ட இடம்.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். நோட்டு ஃபிரிட்ஜ் மேலே, பழைய காலண்டருக்கு அடியில் கிடந்தது. எடுத்து நாலு பக்கத்தையும் மெதுவாகப் புரட்டினேன். எதுவும் சொல்வதற்கு முன், "இதிலே உங்களுக்குப் பிடிச்ச கோடு எது?" என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டு நாலாம் பக்கத்தில் கீழே ஒன்றைக் காட்டினார். "ஏன்?" "இதைப் போடறப்போ ஒண்ணும் யோசிக்கலை. சர்ருன்னு போட்டுட்டேன்." பதிலை அவரே சொல்லிவிட்டார். நான் ஒன்றுதான் சேர்த்துச் சொன்னேன். "முதல் பக்கத்துக் கோடெல்லாம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நடுங்கியிருக்கு. நாலாம் பக்கத்திலே முதல் ஒரு அங்குலம் மட்டும்தான் நடுங்குது, அப்புறம் நிக்கலை. பேப்பரைத் தொடறதுக்கு முன்னாடி கையை மூணு தடவை காத்திலேயே ஓட்டிப் பாருங்க, அந்த ஒரு அங்குலமும் போயிடும்." திங்கட்கிழமை வந்துவிட்டார். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. எவர்சில்வர் குடத்தில் ஜன்னல் தெரிவதுபோல் ஷேடிங் செய்கிறார். குடும்பக் குழுவில் மட்டும் இன்னும் போடுவதில்லை!

"உங்களுக்கு டிராயிங் தெரியும், சொல்றீங்க. எனக்கு என்ன தெரியும்?" என்று அந்தக் கடிதம் எழுதிய சகோதரி கேட்கலாம். கோலத்துக்குத் தேவைப்பட்ட கண் இருந்தால் போதும். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் சரி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோட்டுப் பக்கத்தை எடுத்தால் முதலில் கோடு ஒரே இழுப்பா, இல்லை குட்டிக் குட்டிக் கோடுகளாகச் சேர்த்துச் சேர்த்து மயிர் அடர்ந்த கயிறு மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை பயத்தில் வருவது. தப்பாகிவிடுமோ என்று அரை அங்குலத்துக்கு ஒரு தடவை கை நிற்கிறது. இதற்கு "தப்பானா பரவாயில்லை, ஒரே இழுப்பில் போடு" என்ற அனுமதிதான் மருந்து. அடுத்து, எல்லாக் கோடும் ஒரே பக்கம் வளைந்திருந்தால் மணிக்கட்டோ முழங்கையோ ஊன்றியிருக்கிறது. கோடு முழுக்க நடுங்கினால் மிக மெதுவாகப் போடுகிறாள், பென்சில் முனையையே பார்த்துக்கொண்டு போடுகிறாள் என்று அர்த்தம். இரண்டு முனையிலும் புள்ளி வைத்துக்கொண்டு, போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். சைக்கிள் பழகும்போது முன் சக்கரத்தையே பார்த்தால் விழுந்துவிடுவோம் அல்லவா, அதேதான். கோடு புள்ளியைத் தாண்டிப் போனால் ஆரம்பத்தில் அதைக் குற்றம் என்று சொல்லவே சொல்லாதீர்கள். முதலில் கோடு தயங்காமல் ஓடட்டும். சரியான இடத்தில் நிற்பது தானே பின்னால் வரும். முக்கியமாக, ரப்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போட்ட கோட்டை அழித்துவிட்டால் நாளைக்கு எதோடு ஒப்பிடுவது?

வட்டம் கொஞ்சம் சிரமம்தான். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அது உருளைக்கிழங்கு மாதிரித்தான் வரும். நீள்வட்டமாக இருந்தால் இரண்டு முனையும் மாங்கொட்டை மாதிரி கூர்மையாக இருக்கும். திரும்பும் இடத்தில் கை நின்று புறப்படுவதால் வருகிற கூர்மை அது. பென்சிலை அழுத்தாமல் இரண்டு மூன்று சுற்று நிற்காமல் ஓட்டினால் தானே மழுங்கும்.

டம்ளர் வரைந்து காட்டினால் அடிப்பாகத்தைப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது பேர் வாயை வளைவாகவும் அடியை ஸ்கேல் வைத்த மாதிரி நேராகவும் போடுவார்கள். மேஜை தட்டைதானே, டம்ளர் அடியும் தட்டைதானே என்று மூளை சொல்வதைக் கை கேட்டுவிடுகிறது, கண் பார்ப்பதைக் கேட்பதில்லை. இதை வாயால் விளக்காதீர்கள். ஒரு டம்ளரைக் கையில் எடுத்து அதன் வாய் கண்ணுக்கு நேராக இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரே கோடாகத் தெரியும். மெல்ல மெல்லக் கீழே இறக்கினால் அந்தக் கோடு திறந்து கண் மாதிரி ஆகி, வட்டத்தை நோக்கி அகலும். கண்ணுக்குக் கீழே போகப்போக வட்டம் அகலமாகத் தெரிகிறது என்றால், வாயைவிடக் கீழே இருக்கும் அடியின் வளைவு இன்னும் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? குழந்தையே "அட!" என்று சொல்லிவிட்டு மறுபடி போடப் போய்விடும். நீங்கள் திருத்தியதாகவே அதற்குத் தோன்றாது.

பெட்டிக்குத் தீப்பெட்டியைவிட நல்ல வாத்தியார் இல்லை. நம்மைவிட்டு விலகிப்போகும் ஓரங்கள் போகப்போக நெருங்க வேண்டும். ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தில் ஒரு முனையில் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தூண் வரிசையும், தரையும், மேற்கூரையும் தூரத்தில் ஒரே இடத்தைப் பார்த்து ஓடும். ஆரம்பக்காரர்களின் பெட்டி இதற்கு நேர் எதிராகப் பின்பக்கம் விரிந்து, திறந்த அட்டைப்பெட்டி மாதிரி நிற்கும். சரிபார்க்க, நோட்டின் மேல் பட்டர் பேப்பரை வைத்து, ஸ்கேலால் அந்த ஓரங்களைப் பின்னால் நீட்டிப் பாருங்கள். கோடுகள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்று குழந்தைக்கே தெரியும்.

பட்டர் பேப்பர் என்று ஏன் சொன்னேன்? நோட்டில் அடுத்தவர் பென்சில் படக்கூடாது. இது என் வீட்டு ஹாலில் சட்டம். பல வாத்தியார்களுக்கும் அம்மாக்களுக்கும் கை பரபரக்கும். "இப்படிப் போடு" என்று குழந்தையின் கோட்டின் மேலேயே அழுத்தமாக ஒரு கோடு போட்டுவிடுவார்கள். படம் அழகாகிவிடும். ஆனால் அந்தப் பக்கம் இனி அவளுடையது இல்லை. ஹோம்வொர்க்கை அம்மா எழுதிக் கொடுத்தது மாதிரிதான். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டிவிட்டு, அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிடுங்கள்.

ஷேடிங் கட்டங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான் இருக்கும். வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டம் என்றால், மூன்றாவது கட்டத்திலேயே கறுப்பு தீர்ந்துபோய் மிச்சம் இரண்டும் அதே சாம்பலில் நிற்கும். அதில் பாதிக் குற்றம் பென்சிலுடையது. பள்ளிக்கூடத்து எச்.பி. பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் நல்ல கறுப்பு வராது. 4பி, 6பி என்று ஒவ்வொன்று வாங்கிக் கொடுங்கள். களிமண் குறைந்து கிராஃபைட் கூடியிருப்பதால் அவை மெத்தென்று கறுப்பாக விழும். அழுத்திப் போடுகிறாளா என்று தெரிய, தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். கோடுகள் விரலில் நெருடினால் கை இறுகியிருக்கிறது. நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கை இறுகியிருந்தால் பல சமயம் பக்கத்தில் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் நகர்ந்து போங்கள்!

இவ்வளவையும் ஒரே நாளில் கொட்டிவிடக் கூடாது. நூறு குறை கண்ணில் பட்டாலும் ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதுவும் அடுத்த பக்கத்தில் செய்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். "இன்னும் நல்லாப் பண்ணணும்" என்பதைச் செய்து பார்க்க முடியாது. "நாளைக்குப் புள்ளிக்குப் புள்ளி கையைக் காத்திலே ஓட்டிப் பாரு" என்பதைச் செய்யலாம். அந்த ஒன்றைச் சொல்வதற்கு முன் எது முன்பைவிடத் தேறியிருக்கிறது என்று நிஜமாகவே தேடிக் கண்டுபிடியுங்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி போடச் சொல்கிறேன். முதல் மாதத்துப் பக்கத்தையும் இந்த வாரத்துப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். அக்கா நோட்டையும் தங்கை நோட்டையும் பக்கத்தில் வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நோட்டுதான் மிஞ்சும்.

இப்போது வெளியூரில் இருக்கும் பேத்தி, தங்கை மகள் எல்லாம் போனில் படம் எடுத்து அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். சாய்வாகப் பிடித்து எடுத்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகும், நேரான பெட்டியும் ஒரு பக்கம் சிறுத்துவிடும். ஜன்னல் பக்கம் நோட்டை வைத்து, நேர் மேலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள். இல்லையென்றால் குழந்தை செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கும்.

அடித்துத் திருத்தினால்தான் படிப்பு ஏறும், எங்கள் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியும் சிலர் தேறி வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கிளியை மூடி வைத்துவிட்டு மளிகை லிஸ்ட் எழுதப் போனவர்களை யார் கணக்கு எடுத்தார்கள்?

கடைசியாக, கடிதம் எழுதிய சகோதரிக்கு ஃபீஸ் விஷயம். மூன்று மாதமாக வெறும் கோடும் வட்டமும் மட்டும்தான் என்றால், அதுவும் எனக்குச் சம்மதமில்லை. பத்து வயதுக் குழந்தை எத்தனை நாள் தாங்கும்? வாத்தியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "கிளாஸில் பாதி நேரம் கோடு, மீதி நேரம் அவள் இஷ்டத்துக்கு வரையட்டும், முடியுமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளவில்லையென்றால் வீட்டிலேயே இன்னொரு நோட்டு போட்டுக் கொடுங்கள். அதில் கிளி, யானை, பறக்கும் மிக்ஸி, எது வேண்டுமானாலும் வரையட்டும். கோட்டு நோட்டை நீட்டினால் உட்கார்ந்து பார்த்து ஒன்று சொல்லுங்கள். இந்த இரண்டாவது நோட்டை நீட்டினால் திருத்தம் ஒன்றும் வேண்டாம், "மிக்ஸி எங்கே பறக்குது?" என்று மட்டும் கேளுங்கள்.

– ஓர் இல்லத்தரசி, திருச்சி